ஊசியக்காவின் பின்னால் ஒரு கார்

ஊசியக்கா காலையில் மணியடித்தால் கதவைத் திறப்பவர்கள் எல்லோரும் பசியோடு இருப்பார்கள். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இறங்காத வயிறு. சமையலறைப் பக்கம் போனால் கை தானாக எதையாவது எடுத்து வாயில் போட்டுவிடுமோ என்று பயந்து, வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பசித்தவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. "வந்துட்டியாம்மா? சட்டுன்னு எடுத்துட்டுப் போயிடு, கண்ணெல்லாம் இருட்டுது" என்று சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிடுவார்கள்.

வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. லேப்புக்கு நடந்து வரக்கூடியவர்கள் நடந்து வந்துவிடுவார்கள். வர முடியாதவர்கள் எல்லோரும் அவள் பங்கு. கட்டிலோடு கிடப்பவர்கள், மாடியிலிருந்து இறங்கினால் திரும்ப ஏற முடியாத இதய நோயாளிகள், பச்சைக் குழந்தையை விட்டு நகர முடியாத தாய்மார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்கிறது. லேப்பின் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. அவளைவிட மூத்தவர்கள்கூட ஊசியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையில் ஊசியோடு நிற்பவளிடம் யார் போய் வயதைப் பற்றி வாதாடுவது?

அவளிடம் ரத்தம் கொடுப்பவர்களில் ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் உண்டு. யார் குத்தினாலும் நரம்பு அகப்படாத கை அவருக்கு. அக்கா அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, ரப்பர் பட்டையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். பிறகு ஒரே குத்து. "வாழ்நாள் பூரா ஊசி பிடிச்சவன்மா நான். எனக்கே இப்படி நேரா எறங்காது" என்பார் அவர். அந்தப் பாராட்டை வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லிச் சொல்லி அவள் சிரித்ததுண்டு.

எடுத்த ரத்தம் லேப்புக்கு வந்து சேர்வது அவளுடைய சைக்கிளில். பின்னால் கேரியரில் ஐஸ் பெட்டி, அதற்கு உள்ளே பஞ்சு மெத்தை, மெத்தைக்குள் குழாய்கள். ரத்தத்தைக் குலுக்கக் கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏறி, சாக்கடை மூடிகள் மேல் தடதடவென்று ஓட்டினால் குழாய்க்குள் அணுக்கள் உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்துவிடும். அதற்கப்புறம் அது எதற்கும் உதவாது. பசியோடு காத்திருந்தவரை மறுநாளும் பசியோடு உட்கார வைத்து மறுபடி குத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தையல்காரருக்கே அப்படி ஆகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்று வீட்டுக்கு வந்த அக்கா, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் சாலையின் ஓரத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். சாலையில் உள்ள வம்பெல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது: பெயர்ந்த தார், சரளைக் கல், உடைந்த பாட்டில், எப்போது கதவைத் திறப்பார்கள் என்று சொல்ல முடியாத நிறுத்திவைத்த கார்கள். அதனால் இடது பக்கம் போகிற வண்டிகள் எந்தத் தடத்தில் போகின்றனவோ, அந்தத் தடத்தின் நடுவிலேயே ஓட்டினாள். சாலை அகலமான இடம் வந்தால் ஒதுங்கி, கையைக் காட்டி, பின்னால் வருபவர்களை அனுப்பிவைப்பாள். குறுகிய இடத்தில், அவளைப் படைத்தவனே காரில் வந்து ஹாரன் அடித்தாலும் ஒதுங்கமாட்டாள்.

படைத்தவன் வரவில்லை. கட்டியவன் வந்தான்.

அவள் கணவனுக்கு வாடகைக் கார் ஓட்டுகிற தொழில். கார் வாங்கிய நாளிலிருந்து அதன் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை; அதை அவன் நாலு பேரிடம் சொல்லாத நாளும் இல்லை. கார் நிறுத்தத்தில் இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் அவனுக்குக் கீறலண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மொட்டைத் தலையரைச் சுருட்டை என்று கூப்பிடுகிற கூட்டம் அது. கீறலண்ணன் கெட்டிக்கார டிரைவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் சைக்கிள்காரர்கள் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. "ரோடு என்ன இவங்க தாத்தா சொத்தா? ஓரமாப் போறதுக்கு என்ன கேடு?" என்பான். இதை வீட்டில் சாப்பிடும்போதும் சொல்வான். எதிரே உட்கார்ந்து அவன் தட்டில் பரிமாறுகிறவளும் ஒரு சைக்கிள்காரிதான் என்பது அந்த நேரத்தில் அவன் நினைவுக்கே வராது.

அவள் சைக்கிள் கற்றுக்கொண்டதே அவனுக்குத் தெரியாமல்தான். மகளுக்குச் சின்னதாகிப்போன சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தான். அக்கா கொடுக்கவில்லை. மத்தியான வேளைகளில் பள்ளிக்கூடத்து மைதானத்தில், மகள் பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓட, முட்டி ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க ஓட்டிப் பழகினாள். கீறலண்ணனின் காரில் விழாத கீறல்களெல்லாம் அவள் முழங்காலில் விழுந்தன.

"என்ன இது காயம்?"

"மாடிப்படியில இடிச்சுக்கிட்டேங்க."

"நாங்களும் அந்தப் படியிலதான் ஏறி எறங்கறோம். உன்னை மட்டும் ஏன் அது இடிக்குது?"

பிறகு ஒருநாள், முன்னால் போன சைக்கிளை விலகச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனவன், கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். அன்று வீட்டில் பூகம்பம் வரும் என்று மகள் நினைத்தாள். வரவில்லை. "பிரேக் நல்லாப் புடிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வண்டியை வாங்கித் தானே எண்ணெய் போட்டுக் கொடுத்தான். மனிதன் உள்ளுக்குள் நல்லவன்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் வேறு ஆளாகிவிடுவான்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் தெருவுக்குப் பேப்பர் போடுகிறவர், பெட்ரோல் பங்க் பக்கத்தில் சைக்கிளோடு விழுந்தார். பின்னால் வந்த கார் அவரைத் தாண்டிப்போய், தாண்டிய கையோடு இடது பக்கம் பங்குக்குள் வெட்டித் திரும்பியிருக்கிறது. இவர் நேரே போய் அதன் விலாவில் மோதினார். உயிருக்கு ஆபத்து இல்லை, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சற்று நேரம் கழித்து அந்த வழியாகப் போன கீறலண்ணன், சாலை முழுக்க அன்றைய செய்தித்தாள்கள் சிதறிக் கிடந்ததைப் பார்த்தான். அவற்றின் மேல் வண்டிகள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு சைக்கிள், முன் சக்கரம் மடங்கி. கறுப்புச் சைக்கிள். அவன் மனைவியுடையதும் கறுப்புதான். வண்டியை நிறுத்தி இறங்கி, அது அவளுடையது இல்லை என்று நிச்சயமாகத் தெரியும்வரை அவனுக்கு மூச்சு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தான்.

"போதும். நாளையிலேர்ந்து சைக்கிள் வேண்டாம். லேப் மேடம் எத்தனை நாளா கேக்கறாங்க, கவுன்டர்ல வந்து உக்காருன்னு? போய் உக்காரு."

"கவுன்டருக்கு வர்றவங்களுக்கு ஊசி போட எத்தனையோ பேர் இருக்காங்க. வர முடியாதவங்களுக்கு?"

"அவங்களுக்கு வேற யாராவது போவாங்க."

"அம்மா போகலைன்னா அந்தத் தையல்காரர் கையை ஆளாளுக்குக் குத்திச் சல்லடையாக்கிடுவாங்கப்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. பேப்பர்காரர் கெடந்த கெடப்பை நீ பாக்கல. நான் பாத்தேன்." அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவன் கோபப்படுவதாக மகள் நினைத்தாள். அக்கா அப்படி நினைக்கவில்லை. தண்ணீர் குடிக்க எடுத்த டம்ளர் அவன் கையில் நடுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? காலை எழுந்ததிலிருந்து பயந்த கைகளைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு பண்ணலாம். ஒரே ஒரு காலையில என் பின்னாடி வாங்க. உங்க கார்லயே வாங்க. நான் எங்கெல்லாம் போறேனோ அங்கெல்லாம், நான் போற வேகத்துல. தாண்டிப் போகக் கூடாது, வழியில ஒண்ணும் சொல்லவும் கூடாது. எல்லாத்தையும் பாத்துட்டு, 'நிறுத்து'ன்னு நீங்க சொன்னீங்கன்னா நிறுத்திடறேன். கவுன்டர்ல போய் உக்காந்துக்கறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"எப்ப மாறியிருக்கேன்?"

கீறலண்ணனுக்கு மனது லேசானது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தான். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. என்ன சொல்வது என்றுகூட அவன் யோசிக்கவில்லை. 'நிறுத்து' என்பதை முன்பே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

விடிந்தது. அக்கா இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தாள். மணியை ஒரு தடவை அடித்தாள். மகள் பின்பக்கம் மினுங்குகிற பட்டை ஒட்டிக் கொடுத்திருந்த ஹெல்மெட்டை மாட்டி, தாடையின் கீழ் வாரை இழுத்துக் கட்டினாள்.

"நிலாவுக்கா போறே?" என்றான் அவன்.

"நிலாவுல கார் கிடையாதுங்க. அங்க போறதா இருந்தா இது எதுக்கு?"

அவன் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தான். காரைக் கிளப்பினான்.

காரில் சைக்கிளின் பின்னால் போவது என்றால் என்ன என்று அவனுக்கு இத்தனை வருடத்தில் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிளைத் தாண்டிப் போவதுதான். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக வண்டி முனகியது. கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் வலித்தது. முதல் தெருவைத் தாண்டுவதற்குள் பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. "யோவ், வண்டியை ஓட்டறியா, உருட்டறியா?" என்று ஒருவர் கத்திவிட்டுத் தாண்டிப் போனார். இன்னொருவர் கத்தவில்லை. கண்ணாடியை இறக்கி, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கத்தியிருந்தாலே தேவலை என்று இருந்தது. வாழ்நாளில் அவன் ஹாரன் கொடுத்தவனே தவிர வாங்கியவனில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கார் நிறுத்தத்துச் சகா ஒருவன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான்.

"என்ன அண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி ஊர்ந்து போறீங்க?"

கீறலண்ணன் கொஞ்சம் விழித்துவிட்டு, "பொண்டாட்டி பின்னாடி போறேன்" என்றான்.

"அட, எங்க கதையும் அதுதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்துக்கொண்டே பறந்துபோனான். சாயங்காலத்துக்குள் நிறுத்தம் முழுக்க இது பரவிவிடும் என்று இவனுக்குத் தெரிந்துபோயிற்று.

தையல்காரர் வீட்டில் வேலை முடித்துக்கொண்டு அவள் திரும்பிய தெரு குறுகலானது. இடது பக்கம் வரிசையாகக் கார்கள் நின்றுகொண்டிருந்தன. அக்கா அவற்றை ஒட்டிப் போகாமல் நன்றாகத் தள்ளி, கிட்டத்தட்டத் தெருவின் நடுவிலேயே போனாள். கீறலண்ணனுக்குக் கை பரபரத்தது. இவ்வளவு இடம் கிடக்கிறதே, ஓரமாகப் போனால் என்ன? வாயால் ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதானே ஒப்பந்தம், ஹாரன் அடிக்கக் கூடாது என்று இல்லையே. பழக்கதோஷத்தில் கை தானாகப் போய் ஹாரனை அழுத்திவிட்டது. கட்டிய மனைவியின் முதுகில் பாம் என்று ஒரு ஹாரன்.

அவள் திரும்பவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. இடது கையை லேசாக உயர்த்தி, 'பொறு' என்பது போலக் காட்டினாள். அந்தக் கை கீழே இறங்குவதற்குள், நின்றிருந்த கார் ஒன்றின் கதவு படாரென்று அகலமாகத் திறந்தது. உள்ளேயிருந்த ஆள் செல்போனில் பேசியபடி காலை வெளியே வைத்தார். அக்கா தடுமாறவில்லை, வளையவில்லை. அந்தக் கதவின் விளிம்புக்கும் அவளுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. போகிற போக்கில் மணியை மட்டும் அடித்துவிட்டுப் போனாள். ஒரு சைக்கிள் தன்னைக் கடந்து போனது என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது.

கீறலண்ணன் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அவன் ஹாரனுக்கு அவள் கீழ்ப்படிந்திருந்தால் எங்கே போயிருப்பாள் என்று யோசித்தான். நேரே அந்தக் கதவுக்குள். அந்தத் தெருவுக்கு அப்புறம் அவன் கை ஹாரன் பக்கம் போகவில்லை.

பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் இடது பக்கம் ஒரு சைக்கிள் போகிற அளவுக்குச் சந்து இருந்தது. வேறு இரண்டு சைக்கிள்காரர்கள் அதில் நுழைந்து முன்னால் போனார்கள். அக்கா போகவில்லை. லாரிக்குப் பின்னால், அதன் கண்ணாடியில் டிரைவரின் முகம் தனக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள். அவர் முகம் இவளுக்குத் தெரிந்தால்தானே அவரும் இவளைப் பார்ப்பார்? பச்சை விழுந்ததும் லாரி இடது பக்கம் திரும்பியது. முன்னால் போன இரண்டு பேரும் அலறி அடித்துக்கொண்டு நடைபாதையில் ஏறினார்கள். அக்கா அது திரும்பி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அவசரமில்லாமல் கிளம்பினாள். லாரி டிரைவர் ஜன்னல் வழியாக அவளுக்குக் கையைக் காட்டினார். அவளும் காட்டினாள். தினமும் பார்த்துக்கொள்பவர்கள் போலிருந்தது.

தன் வீட்டில் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சாலை முழுக்க இப்படி உறவுகள் இருப்பது கீறலண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். குப்பை வண்டிக்காரர் அவளைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மாள் அவள் கடக்கும்வரை நின்றாள். அகலமான இடம் வந்தபோதெல்லாம் அக்கா ஒதுங்கிக் கையசைக்க, கார்காரர்களில் பாதிப் பேர் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவனுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது, ஏனென்றால் சட்டைப் பையில் இருந்த 'நிறுத்து' கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்க ஆரம்பித்திருந்தது.

பெட்ரோல் பங்க் வந்தது. பேப்பர்காரர் விழுந்த இடம். பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கார் சீறிக்கொண்டு வந்து முதலில் அவனைத் தாண்டியது, பிறகு அவளைத் தாண்டியது. அவன் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அக்கா மிதிப்பதை நிறுத்தினாள். இரண்டு கைகளும் பிரேக்கில் இருந்தன. அப்போது அந்தக் கார் இன்னும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. விளக்கு எதுவும் போடவில்லை, எதுவும் நடக்கவில்லை. ஏன் நிற்கிறாள் இவள் என்று அவன் நினைத்து முடிக்கவில்லை. சிவப்புக் கார் இடது பக்கம் வெட்டி, அவளுடைய முன் சக்கரத்தின் எதிரே குறுக்காகப் பங்குக்குள் நுழைந்தது.

அக்கா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். திரும்பி ஐஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். பேப்பர்காரரின் இடுப்பை முறித்த அதே திருப்பம், அதே மாதிரிக் கார். கீறலண்ணனுக்கு மட்டும் காரைக் கிளப்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

லேப்பில் மேடம் பெட்டியைத் திறந்து, குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்கினார். "உன் பெட்டியைத் திறக்கறதுன்னா எனக்குக் கவலையே இல்ல" என்றார். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். காலையில் சாப்பிடாமல் ரத்தம் கொடுத்தவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட பிறகும் எடுக்க வேண்டும். அதற்கு அவள் மறுபடி கிளம்பியாக வேண்டும். கீறலண்ணன் காரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தாலும் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் சத்தியம்தான் அவளுக்கு.

"சொல்லுங்க. நிறுத்தட்டுமா?"

அவன் பங்க் இருந்த பக்கம் கையைக் காட்டினான். "பங்க் கிட்ட அந்தச் சிவப்பு வண்டி" என்றான். "இண்டிகேட்டரே போடலியே. நானே எதிர்பாக்கல. நீ எப்படி முன்னாடியே நின்னே?"

"அவ்வளவு அவசரமா நம்மளைத் தாண்டினவரு, தாண்டின உடனே வேகத்தைக் குறைச்சாரு. உள்ள உக்காந்திருந்தவரோட எடது தோள் லேசா சாஞ்சது. அப்படின்னா திரும்பப் போறார்னு அர்த்தம்."

"இதையெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான்."

"நானா? நான் எப்போ?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க பக்கத்துலதானே உக்காந்து வரேன்? வழியில சைக்கிள் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? சீறிக்கிட்டு முன்னாடி போவீங்க. உடனே காலை எடுப்பீங்க. தோளைச் சாய்ப்பீங்க. திரும்பிடுவீங்க. 'இண்டிகேட்டர் போடுங்களேன்'னு ஒரு நாள் சொன்னேன். 'நான் எங்க போறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் போகணுமா'ன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. இல்லாத மாதிரிப் பார்த்தான்.

"சைக்கிள்ல முதல் முதலா ரோட்டுக்கு வந்தப்போ எனக்கு ஒண்ணும் புரியல. எந்த வண்டி என்ன பண்ணும்னு பயந்து செத்தேன். அப்புறம் ஒண்ணு பண்ணேன். பின்னாடி எந்தக் கார் வந்தாலும் அதுக்குள்ள நீங்கதான் உக்காந்திருக்கீங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். இந்த எடத்துல அவர் என்ன பண்ணுவாரு, இந்தத் திருப்பத்துல எப்படி வெட்டுவாரு, எங்க பொறுமை போய் ஹாரனை அழுத்துவாரு... எல்லாம் கரெக்டா வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் ரோட்டுல என் மேல ஒரு கீறல் விழலைன்னா, அதனாலதாங்க."

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்போடு குடித்தனம் நடத்தினாலும் தெரிந்துவிடும் போலிருக்கிறது. கீறலண்ணன் காரின் மேல் இல்லாத தூசியைக் கையால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பது தெரிந்ததால் இன்னும் வலித்தது. ஏதாவது ஒன்றில் தான் நல்லவனாக இருந்தாக வேண்டுமே என்று தேடிப் பிடித்தான்.

"சரி, அதை விடு. இன்னிக்குப் பூரா உன் பின்னாடியே வந்தேனே. ஒருத்தனும் உன்னை இடிக்காம மறிச்சுக்கிட்டுத்தானே வந்தேன்? அது ஒரு பாதுகாப்புதானே உனக்கு?"

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"பாதுகாப்பா? மத்த நாள்லயாவது பின்னாடி வர்றது நீங்கன்னு சும்மா நெனைச்சுக்கிட்டுப் போவேன். இன்னிக்கு நிஜமாவே நீங்க வந்தீங்க. காலையிலேர்ந்து எனக்கு முதுகு கூசிக்கிட்டே இருந்துச்சுங்க!"

உள்ளேயிருந்து மேடம் கூப்பிட்டார். காலியான பெட்டியை வாங்கிக்கொள்ள அக்கா போக வேண்டியிருந்தது. "பதில் சொல்லாமப் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் காரில் ஏறிச் சந்து முனைவரை ஓட்டிப்போய் நிறுத்தினான். லேப் இருந்த சந்து பெரிய சாலையைக் குறுக்கே வெட்டி அந்தப் பக்கமும் போகும். அங்கே அவன் இடது பக்கம் திரும்ப வேண்டும், அவள் நேரே போக வேண்டும். சந்து முனையில் ஒரு ஈ காக்கை இல்லை. வழக்கமாக இருந்தால் இந்நேரம் திரும்பி, சந்திப்பைத் தாண்டிப் போயிருப்பான். இன்று இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். கார், வேன், லாரி என்று பெரிதாக ஏதாவது வருகிறதா என்று பார்க்கத்தான் அவனுக்குக் கண்ணாடி. சின்னதாக ஏதாவது வருகிறதா என்று அவன் அதில் தேடியதே இல்லை. தேடினான். கண்ணாடியின் மூலையில் ஒரு ஹெல்மெட் மினுங்கிக்கொண்டு வந்தது.

அவளும் அவனைப் பார்த்துவிட்டாள். மிதிப்பதை நிறுத்தி, இரண்டு கையையும் பிரேக்கில் வைத்துக்கொண்டாள். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்குத்தான் தெரியுமே.

கீறலண்ணன் கையை நீட்டி இண்டிகேட்டரைத் தட்டினான். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டது. காரை அசைக்காமல் நின்றான். பின்னால் வந்து சேர்ந்த வேன்காரர் ஹாரன் அடித்தார், மறுபடி அடித்தார், கடைசியில் கையை எடுக்காமலே அடித்தார். அவன் இடது பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து, நீ போ என்று காட்டினான்.

அக்கா பக்கத்தில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள். நீட்டிய கையைப் பார்த்தாள். அது இன்னமும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்குகிற கையைப் பார்த்தால் சும்மா இருக்க அவளால் முடியாது. தன் விரலால் அதை ஒரு தடவை அழுத்திக்கொடுத்தாள்.

"வாயால சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"போய்ட்டு வா" என்றான் அவன். "பாத்துப் போ, நானும் ரோட்டுலதான் இருப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டே மணியடித்துவிட்டு, தடத்தின் நடுவில் ஏறி நேராகப் போனாள். அவள் சந்திப்பைத் தாண்டும்வரை, பின்னால் வேன்காரர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, இண்டிகேட்டர் அடிக்க அடிக்கக் கீறலண்ணன் அங்கேயே நின்றான்.